வேப்ப மரத்தடியின் வெப்பக் கணக்கு

சித்திரை மாதத்து நடுப்பகலில் வெட்டவெளியில் நடந்து வந்தவர் வேப்ப மரத்தடியில் கால் வைத்ததும் ‘அப்பாடா’ என்கிறார். அதற்கு என்ன காரணம் என்று ஊரில் விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு விடைகள் கிடைக்கும். மரம் ஆக்சிஜனை அள்ளித் தருகிறது என்பது ஒன்று. மரத்தடிக் காற்று குளுகுளுவென்று இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் கருவி வைத்துப் பார்த்துவிடலாம். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 விழுக்காடு. மரத்தடியிலும் அதே 21தான். இலைகள் வெளிவிடும் ஆக்சிஜன் வீசும் காற்றில் உடனே கலந்துவிடுவதால் நுரையீரலுக்குத் தெரியும்படி எந்த வேறுபாடும் இருக்காது. காற்றின் வெப்பநிலையோ, வெயில் படாமல் மறைத்து வைத்த வெப்பமானியில், வெட்டவெளியில் 38 டிகிரி என்றால் மரத்தடியில் 37 அல்லது 36 என்று காட்டும். ஓரிரு டிகிரிக்காக யாரும் பெருமூச்சு விடுவதில்லை. அப்படியானால் ஒன்று, அந்தச் சுகம் மனப்பிரமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு அளப்பது ஒன்றாகவும் வெப்பமானி அளப்பது வேறாகவும் இருக்க வேண்டும். கிராமத்து வாழ்வின் சின்னச் சுகங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தடம் மாறுகிறது. ஒரு சாரார் ‘இயற்கை’ என்று சொல்லி உருகுகிறார்கள். மறுசாரார் ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தச் சுகங்களுக்குத் திட்டமான இயற்பியல் காரணங்களும் உடலியல் காரணங்களும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், கிராமம் என்ற இடத்துக்கு இவற்றின் மேல் தனி உரிமை எதுவும் இல்லை என்பதும் தெரியவரும்.

முதலில் வெயிலின் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதைத் தோல் வழியே வெளியேற்றினால்தான் உடல் வெப்பம் 37 டிகிரியில் நிற்கும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. நேராகத் தலையிலும் தோளிலும் விழுவது, வானிலிருந்து சிதறி வருவது, மண்ணில் பட்டுத் திரும்புவது என எல்லா வழிகளிலும் உடம்பு வாங்கிக்கொள்ளும் பங்கு, அது தானாக உண்டாக்கும் 100 வாட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். மரத்தடிக்கு வந்த கணமே இந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. சரி, வெயிலை மறைப்பதுதான் காரணம் என்றால் தகரக் கொட்டகையின் நிழலிலும் அதே சுகம் வர வேண்டுமே? வருவதில்லை. அங்கே உட்கார்ந்தால் தலைக்கு மேலே அடுப்பு எரிகிற மாதிரி இருக்கிறது. எல்லாப் பொருள்களும் தங்கள் வெப்பநிலைக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன என்பதும், அந்த வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பதும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டெஃபானும் போல்ட்ஸ்மனும் நிறுவிய விதி. அதன்படி, வெயிலில் காய்ந்து 60 டிகிரியைத் தொட்ட, பெயின்டோ துருவோ ஏறிய கூரைத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 700 வாட் அளவில் கதிர்வீசும். 36 டிகிரியில் இருக்கும் இலை வீசுவது 520 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 34 டிகிரியில் இருக்கும் நம் தோல் திருப்பி வீசுவது 500 வாட் சொச்சம். இலைக்கு அடியில் வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிடுகின்றன. தகரத்துக்கு அடியில் கொடுப்பதைவிட வாங்குவது மிக அதிகம். இரண்டு இடங்களிலும் காற்றின் வெப்பநிலை ஒன்றாகவே இருக்கலாம். வெப்பமானிக்குத் தெரியாதது தோலுக்குத் தெரிவது இப்படித்தான்.

அதே வெயிலில் நிற்கும் இலை மட்டும் ஏன் 60 டிகிரிக்கு ஏறுவதில்லை? இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வெப்பம் தேவை; மின்சாரக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால், ஒன்றரை டன் ஏசி ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஓடி அகற்றும் அளவு வெப்பத்தை அது விழுங்கியிருக்கும். இந்தக் கணக்கை வைத்துத்தான் ‘ஒரு மரம் பத்து ஏசிக்குச் சமம்’ என்ற வாசகம் பள்ளிச் சுவர்களில் ஏறியது. எண்ணை விட்டுவிட்டாலும் ஒப்பீடே கொஞ்சம் மோசடி. ஏசி மூடிய அறையைக் குளிர்விக்கிறது. மரம் குளிர்விக்கும் காற்றோ நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் காற்றில் ஓரிரு டிகிரிக்கு மேல் வேறுபாடு தெரிவதில்லை. மரம் குளிர்விப்பது முக்கியமாகத் தன் இலைகளைத்தான். நமக்கு நேர்ந்த நன்மை, அந்த இலைகள் நம் தலைக்கு மேல் இருப்பது. வேம்புக்கும் புளிக்கும் இன்னொரு வசதி உண்டு. அவற்றின் சிற்றிலைகள் குறுகலானவை. அகன்ற இலையைவிடக் குறுகிய இலையை ஒட்டி நிற்கும் காற்றுப் படலம் மெலிதாக இருப்பதால், வெப்பம் காற்றுக்கு எளிதாகக் கைமாறுகிறது. வேம்பு மாசியில் இலையுதிர்த்து, பங்குனி சித்திரையில் புதுத்தளிரும் பூவுமாக நிற்கும். வெயில் உச்சத்துக்குப் போகும்போது அதன் நிழலும் அடர்த்தியாகிவிடுகிறது. முற்றத்தில் வைக்க ஊர்கள் வேம்பைத் தேர்ந்துகொண்டதற்குச் சாமி காரணம் மட்டும் இருந்திருக்காது.

வெப்பக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் சுமை இறங்குவது ஏன் சுகமாகத் தோன்ற வேண்டும் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. பிரெஞ்சு உடலியலாளர் மிஷேல் கபனாக் 1971இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதற்கு விடை சொல்கிறது. ஆட்களைத் தொட்டி நீரில் அமர்த்தி உடலைச் சற்றே சூடேற்றியோ குளிர்வித்தோ, ஒரு கைக்கு மட்டும் வேறு வெப்பநிலையைக் கொடுத்து, அது இதமாக இருக்கிறதா எரிச்சலாக இருக்கிறதா என்று கேட்ட சோதனைகள் அவருடையவை. உடல் சூடேறியிருந்தபோது கையில் பட்ட குளிர்ச்சி பேரின்பமாக இருந்தது; உடல் குளிர்ந்திருந்தபோது அதே குளிர்ச்சி தொல்லையாக இருந்தது. குளிர்ச்சி என்பதற்கு என்று தனியாக ஒரு சுகமும் கிடையாது. உடல் தன் சமநிலையிலிருந்து விலகியிருக்கும்போது, அதைச் சமநிலை நோக்கித் திருப்பும் எந்தத் தூண்டலும் சுகமாகத் தெரியும் என்பதே அவர் கண்ட முடிவு. சமநிலை திரும்பியதும் சுகமும் முடிந்துவிடும். தோலில் வெப்பத்தையும் குளிரையும் உணரும் நரம்பு முனைகளின் வேலையும் இதோடு பொருந்துகிறது. அந்த உணர்விகளைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபுட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவை நிலையான வெப்பநிலையைவிட மாற்றத்துக்குத்தான் வேகமாகக் குரல் கொடுக்கின்றன. எனவே சுகத்துக்கு இரண்டு வேண்டும்: அருகருகே வேறுபட்ட நிலைமைகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் வசதி. வெயிலும் நிழலும், களமும் திண்ணையும், தெருவும் கிணற்றடியும் பத்தடி தூரத்தில் அமைந்த இடம் எதுவானாலும் அங்கே இந்தச் சுகம் விளையும். கிராமத்துச் சுகங்கள் என்று நாம் பட்டியலிடுகிறவற்றில் பெரும்பாலானவை இந்த விதிக்குள் அடங்கிவிடுகின்றன.

கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். கோடையில் அது குளிர்ச்சியாகவும் மார்கழி விடியலில் ஆவி பறக்க வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. பூமி பருவத்துக்கு ஏற்றபடி நீரைச் சூடாக்கிக் குளிர்வித்துத் தருகிறது என்று வியப்பவர்கள் உண்டு. நடப்பது இதற்கு நேர்மாறு. நீர் மாறுவதே இல்லை. தரைமட்டத்தில் ஏறி இறங்கும் வெப்பம் மண்ணுக்குள் மிக மெதுவாகத்தான் இறங்குகிறது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு அரை மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கோடைக்கும் பனிக்காலத்துக்கும் உள்ள வேறுபாடு பத்து மீட்டருக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்குக் கீழே, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டிய ஒரே எண்தான் ஆண்டு முழுவதும். பாரிஸ் வானாய்வகத்தின் அடியில் 28 மீட்டர் ஆழ நிலவறையில் 18ஆம் நூற்றாண்டில் லவாய்சியே வைத்த வெப்பமானி, கோடையிலும் குளிரிலும் அசையாமல் 12 டிகிரிக்கு அருகிலேயே நின்றது. தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்த எண் 27, 28 என்ற அளவில் இருக்கும். வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது 28 டிகிரி நீர் சிலுசிலுக்கிறது. விடியலில் காற்று 20 டிகிரியாக இருக்கும்போது அதே 28 டிகிரி நீர் இதமாக அணைக்கிறது. ஒரே பாத்திரத்து நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறுகைக்குக் குளிராகவும் படுவதை ஜான் லாக் 1690லேயே எழுதியிருக்கிறார். கிணறு அதே சோதனையை ஆறு மாத இடைவெளியில் செய்து காட்டுகிறது. மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி செய்வது இதற்குத் தலைகீழ். கத்திரி வெயிலில் குழாயைத் திறந்தால் கை பொசுங்குகிறது. மார்கழி காலையில் அதே குழாய் விறைக்கவைக்கிறது. உடல் எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அதே பக்கம் அதை மேலும் தள்ளிவிடும் ஏற்பாடு அது. ஆழ்துளைக் கிணறும் இந்த விஷயத்தில் கைகொடுக்காது. பூமிக்குள் போகப்போக, இடத்தைப் பொறுத்து ஒரு கிலோமீட்டருக்கு 15 முதல் 30 டிகிரி வரை வெப்பம் ஏறுகிறது. ஆயிரம் அடியிலிருந்து வரும் நீர் சித்திரையிலும் வெந்நீர்ச் சாயலோடுதான் வரும்.

இரவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தவர் காற்று வீசாத நேரத்திலும் உள்ளே படுத்தவரைவிட நன்றாகத் தூங்குகிறார். மேகமில்லாத, ஈரப்பதம் குறைந்த இரவில் வானம், கதிர்வீச்சுக் கணக்கில் பார்த்தால், தரையோரக் காற்றைவிடப் பத்து இருபது டிகிரி குளிர்ந்த கூரை. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையான அலைநீளத்தில் காற்றுமண்டலம் பெருமளவு திறந்திருக்கிறது. அந்த வழியே தரையும் இலையும் உடம்பும் தங்கள் வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிவிடுகின்றன. புல்லும் வைக்கோலும் காற்றைவிடக் குளிர்ந்துபோய்ப் பனி பிடிப்பது இதனால்தான் என்று வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814இல் விளக்கினார். அவருக்கு முன்பே இந்தியாவில் இதை வைத்து ஐஸ் தயாரித்திருக்கிறார்கள். அலகாபாத் பக்கத்தில் குளிர்கால இரவுகளில், கரும்புச் சக்கையும் சோளத்தட்டையும் பரப்பிய குழிகளில் ஆழமில்லாத மண் தட்டுகளை வைத்து நீர் ஊற்றி, விடிவதற்குள் பனிக்கட்டியாக எடுத்ததை ராபர்ட் பார்க்கர் 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பினார். அந்த ஊர்களில் காற்று உறைநிலைக்கு இறங்குவது மிக அரிது. சக்கை கீழிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்தது. மேலே வானம் திறந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது. கயிற்றுக் கட்டிலும் அதே தத்துவம்தான், கொஞ்சம் மென்மையாக. கீழே காற்றோட்டம், மேலே வானம். கட்டடங்கள் நெருக்கிய தெருவில் படுத்தால் கண்ணுக்குத் தெரிவது வானத்தின் ஒரு கீற்றுதான். மிச்சமெல்லாம் பகல் முழுக்கச் சூடேறிய சுவர்கள். நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாவது பகலைவிட இரவில்தான் அதிகம் என்று லூக் ஹவர்ட் லண்டனில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அளந்து சொன்னதற்கு, வானம் மறைவதும் ஒரு காரணம். கடலோர ஊர்களில் புழுக்கம் மிகுந்த இரவிலும், மேகம் கவிந்த இரவிலும் இந்த வாய்ப்பு குறைந்துவிடும். அப்போது வாசலில் படுத்தாலும் கொசுதான் மிச்சம்.

முதல் மழையின் மண்வாசனையும் இந்த வேறுபாட்டு விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இசபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும் 1964இல் ‘நேச்சர்’ இதழில், நெடுநாள் காய்ந்த களிமண்ணும் பாறையும் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்களே மழையில் வெளிவந்து மணக்கின்றன என்று காட்டினார்கள். மறு ஆண்டு, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் அடையாளம் காணப்பட்டது. நீரில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மழைத்துளி புழுதியில் விழும்போது அடியில் சிக்கும் காற்று குமிழ்களாக மேலெழுந்து வெடித்து, மணத்தை நுண்துளிகளாகத் தெளிப்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2015இல் அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். அடைமழையைவிட மெல்லிய, மிதமான மழையில்தான் இந்தத் தெளிப்பு அதிகம். தூறல் போடும்போது மணக்கிற மண், கொட்டித் தீர்க்கும்போது மணக்காமல் போவதற்கு மூக்கின் பங்கும் இருக்கிறது: ஒரே வாசனையை நிமிடக் கணக்கில் முகர்ந்தால் அது மங்கிவிடும். உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜில் இந்த மணத்தைச் சந்தன எண்ணெயில் வடித்து அத்தராக விற்கிறார்கள். அருமையான பொருள்தான்; ஆனால் அதை நாள் முழுக்கப் பூசிக்கொண்டிருப்பவருக்கு, மூன்று மாத வறட்சிக்குப் பின் வாசலில் நிற்பவருக்குக் கிடைப்பது கிடைக்காது.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திறந்த வெளியில் நடுப்பகல் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். முழுநிலா தருவது ஒரு லக்ஸில் கால்பங்கு. மின்விளக்கு வீட்டில் பகலும் இரவும் சில நூறு லக்ஸ் என்ற ஒரே மந்த வெளிச்சம். கென்னத் ரைட்டும் சக ஆய்வாளர்களும் கொலராடோவில் சிலரை மின்விளக்கே இல்லாமல் ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கவைத்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களது உடல் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்து சூரியனோடு சேர்ந்துகொண்டது. ஊரில் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பது சோம்பலின் அடையாளம் இல்லை.

இதுவரை சொன்னவற்றுக்கு எதிராக ஒரு கடுமையான கேள்வி எழும், எழ வேண்டும். சமநிலை குலைந்தால்தான் சுகம் என்றால், கிராமத்துச் சுகம் என்பது கிராமத்துக் கஷ்டத்தின் மறுபக்கம்தானே? வெயிலில் வேகிறவனுக்குத்தான் நிழல் இனிக்கும் என்றால், வேகாமலே இருந்துவிடலாமே? கிராம வாழ்க்கையை மேலே நின்று அழகு பார்ப்பவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல வாயில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு; பெரும்பாலோர் கிராமத்தவர்கள். வாசலில் படுக்கும் சுகத்தின் விலைச்சீட்டில் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது. பல நாடுகளின் வாழ்க்கைத் திருப்திக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ரிச்சர்ட் ஈஸ்டர்லினும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் எழுதியதும் இதையே சொல்கிறது: ஏழை நாடுகளில் நகரத்தவர்களே தங்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தி தெரிவிக்கிறார்கள், நாடு வளர வளர அந்த இடைவெளி மறைகிறது, சில இடங்களில் கிராமத்தின் பக்கம் சாய்கிறது. மருத்துவமனையும் சாலையும் வேலையும் வந்த பிறகுதான் குயிலோசையைக் கேட்க மனசு ஒப்புகிறது. ஆனால் கபனாக்கின் முடிவை ஊன்றிப் படித்தால், சுகத்துக்குத் தேவை துன்பம் இல்லை என்பது விளங்கும். அங்கே உடல் விலகியது சிறிதளவு. அதைத் திருத்தும் வழி கையெட்டும் தூரத்தில் இருந்தது. நடுப்பகலில் வயலை விட்டு எழ முடியாத கூலித் தொழிலாளிக்கு வரப்போர மரம் கண்ணுக்குத் தெரியும். அதன் நிழல் அவருக்குக் கிடையாது. அவர் அனுபவிப்பது வெறும் வெப்பச் சுமை, ‘அப்பாடா’ இல்லாத வெயில். கிணற்று நீரின் 28 டிகிரி எல்லோர் தோலுக்கும் ஒன்றுதான். அந்த நீரைத் தொடும் உரிமை ஒன்றாக இருந்ததில்லை. பொதுக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடிக்க 1927இல் மகாட் நகரில் அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. வேறுபாடு இருந்தால் மட்டும் போதாது, நகரும் உரிமையும் வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான். அந்த உரிமை இல்லாதவர்களை விட்டுவிட்டுக் கிராமத்துச் சுகம் பேசுவது கணக்கில் பாதியை மறைப்பது.

இன்னொரு ஆட்சேபம் ஆய்வுமுறை சார்ந்தது. பசுமைக்கு அருகில் வாழ்பவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று காட்டும் ஆய்வுகள் ஏராளம். ஆனால் வசதி படைத்தவர்கள்தான் மரம் நிறைந்த தெருவில் வீடு வாங்குகிறார்கள். எது காரணம், எது விளைவு? இது நியாயமான சந்தேகம். அந்த வகை ஆய்வுகளில் பலவற்றை நானும் அரை மனதோடுதான் ஏற்பேன். ஆனால் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த ஒன்று வேறு ரகம். அங்கே கைவிடப்பட்டுக் குப்பை மண்டிய 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அகற்றிப் புல் விதைத்துச் சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். ஒரு பகுதியில் குப்பையை மட்டும் அகற்றினார்கள். ஒரு பகுதியைத் தொடவே இல்லை. 2018இல் வெளியான முடிவின்படி, எதுவும் செய்யாத மனைகளின் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால், பசுமையாக்கிய மனைகளின் அக்கம்பக்கத்தில் மனச்சோர்வை உணர்வதாகச் சொன்னவர்கள் 41.5 விழுக்காடு குறைந்திருந்தார்கள். குப்பையை மட்டும் அகற்றிய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. யாரும் வீடு மாறவில்லை, யாரும் கிராமத்துக்குப் போகவில்லை. தெருமுனையில் ஒரு புல்தரை வந்தது, அவ்வளவுதான். தன் தெருவில் புல் முளைத்ததா இல்லையா என்பதை ஒருவரிடமிருந்து மறைக்க முடியாது; எனவே மருந்துச் சோதனை போலப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட இங்கே வழியில்லை. அந்தக் குறையோடும், குலுக்கல் முறை இருப்பதால், இது வலுவான சான்று.

ஏசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியர்வை ஆவியாகாத புழுக்க வெப்ப அலையில் ஏசி உயிர் காக்கும் கருவி. முதியவர் இருக்கும் வீட்டில் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெயிலிலிருந்து ஏசி அறைக்குள் நுழையும்போது கிடைக்கும் சுகமும் கலப்படமில்லாத கபனாக் சுகம்தான். அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், பிறகு ஒரு சலனமற்ற நிலை. ரிச்சர்ட் டி டியரும் கெயில் பிரேகரும் பல நாடுகளின் 160 கட்டடங்களிலிருந்து சுமார் 21,000 பதிவுகளைத் திரட்டி 1990களின் இறுதியில் காட்டியது கவனிக்கத்தக்கது: மையக் குளிரூட்டல் உள்ள கட்டடத்தில் இருப்பவர்கள் சிறு வெப்ப மாற்றத்துக்கும் முகம் சுளிக்கிறார்கள், தாங்களே ஜன்னலைத் திறந்து மூடும் கட்டடத்தில் இருப்பவர்கள், வெளியே வெப்பம் ஏறும்போது உள்ளேயும் ஏறுவதை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கும் ஜன்னல் கொக்கி தங்கள் கையில் இருப்பது ஒரு காரணம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் இன்றைய தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடப்பது கவலை தருகிறது. ஊர் அப்படியே இருக்க, சுகத்தை உண்டாக்கிய வேறுபாடுகள் ஒவ்வொன்றாகச் சமன்படுத்தப்படுகின்றன. கூரை வீடு கான்கிரீட் வீடாகிறது; அது நியாயமான விருப்பம், தீப்பிடிக்காத, ஒழுகாத வீடு யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் நாலைந்து அங்குல கான்கிரீட் தளம் வெயிலை வாங்கி உள்ளே கடத்தச் சில மணி நேரம் பிடிப்பதால், வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் மாலையில்தான் அதன் அடிப்பகுதி உச்சச் சூட்டில் இருக்கும். தளத்தின் மேல் தட்டோடு பதிப்பதும் வெள்ளை பூசுவதும் இதைக் கணிசமாகக் குறைக்கும். தெலங்கானா 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. சாணி தெளித்த வாசல் சிமென்ட் தளமாகிறது. கயிற்றுக் கட்டிலைப் போட்டாலும் கீழிருந்து நள்ளிரவு வரை அனல். ஊர் நடுவில் நிற்கும் ஹைமாஸ் விளக்கு விடிய விடிய எரிகிறது. பெண்கள் பயமில்லாமல் நடக்க வெளிச்சம் வேண்டும்தான், அதற்கு விளக்கின் வாயைக் கீழ்நோக்கி மூடினால் போதும், வானத்துக்கும் எதிர்வீட்டுப் படுக்கைக்கும் வெளிச்சம் காட்டத் தேவையில்லை. எல்லாவற்றிலும் பெரிய இழப்பு சாலையோர மரங்கள். நான்குவழிப் பாதைக்காக இருபுறமும் நின்ற புளிய மரங்களை வெட்டிய இடங்களில், நடுத்திட்டில் வரிசையாக அரளி நட்டிருக்கிறார்கள். பூக்கும்போது பார்க்க அழகு. தண்ணீரும் அதிகம் கேட்காது, ஆடுமாடும் தின்னாது. ஆனால் பேருந்துக்கு நிற்பவரும் சைக்கிளில் போகிறவரும் இருப்பது சாலையின் ஓரத்தில். இன்று ஓரத்தில் நடும் புளியங்கன்று சாலைக்கு நிழல் விரிக்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். நடுத்திட்டு அரளி எத்தனை ஆண்டானாலும் அவர்கள் தலைக்கு மேல் வராது.